வாட்டில் குச்சி

குட்டைக் கரையின் வெளிப்பக்கத்தில் ஈரம் கசிவதை முதலில் பார்த்தவன் ஈவான் பாஸ்கோதான். ஜூலை மாதக் கடைசி, ஆஸ்திரேலியாவில் நல்ல குளிர்காலம். உறைபனி விழுந்து மேய்ச்சல் நிலம் முழுக்க வெளுத்துக் கிடந்த காலையில், கரையின் அடிவாரத்தில் மட்டும் ஒரு பாய் விரிக்கிற அளவுக்குப் பச்சை தெரிந்தது. பூட்ஸ் காலால் அழுத்திப் பார்த்தான். சொதசொதவென்று உள்ளே போயிற்று. நிமிர்ந்தபோது, கரையின் தோளில், கரடிக்குட்டி மாதிரி இருக்கும் வாம்பேட் என்கிற பிராணி தோண்டிய வளை கண்ணில் பட்டது. வாயருகே வாரித் தள்ளியிருந்த மண் புதிதாக இருந்தது. உள்ளே இன்னும் தோண்டிக்கொண்டு போகிறது என்று அர்த்தம். குட்டைக்குக் கீழே வைக்கோல் கொட்டகை, அதற்கும் கீழே சாலை.

காலைச் சாப்பாட்டு மேஜையில் விஷயத்தைச் சொன்னான்.

"உன் மொட்டைச்சி கரையில ஓட்டை போட்டுட்டா."

அவன் மனைவி நோரீன் டோஸ்ட்டில் வெண்ணெய் தடவுவதை நிறுத்தவில்லை. "என் மொட்டைச்சியா? பேரு வச்சது நீ."

"மருந்து ஊத்தினது நீ."

"ஊத்தலைன்னா நீ சுட்டுத் தள்ளியிருப்ப."

அது உண்மை. மார்ச் மாதத்தில் ஒரு நாள், நட்டநடு மத்தியானத்தில், அந்தப் பெண் வாம்பேட் வேலியோரம் நின்று புல்லைக் கடித்துக்கொண்டிருந்தது. இருட்டின பிறகு வளையை விட்டு வரவேண்டிய பிராணி பட்டப்பகலில் வெளியே நின்றால் சொறி முற்றிவிட்டது என்றுதான் பொருள். முதுகில் ஒரு முடி இல்லை. தோல் வற்றிய குட்டையின் அடிமண் மாதிரி பாளம் பாளமாக வெடித்திருந்தது. கண்ணிமைகள் ஒட்டிப்போய், ஆள் கிட்டே போனதுகூட அதற்குத் தெரியவில்லை. ஈவான் துப்பாக்கி எடுக்க வீட்டுக்கு வந்தான். அந்தப் பக்கத்தில் அதைக் கொடுமை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். புண்ணியம் என்பார்கள். நோரீன்தான் அலமாரிச் சாவியை எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டு, "குளிர்காலம் முடியற வரைக்கும் எனக்கு விடு" என்றாள்.

ஐஸ்கிரீம் டப்பாவின் மூடியைத் தட்டியாக வெட்டி, அதன் மேல் விளிம்பில் பால் கேன் மூடி ஒன்றை ஒட்டி, வளைவாயில் கம்பி அடித்துத் தொங்கவிட்டாள். மாடுகளின் முதுகில் உண்ணிக்கு ஊற்றுகிற மருந்து அந்தச் சின்ன மூடியில் இருக்கும். வாம்பேட் தலையால் தட்டியை முட்டிக்கொண்டு வரும்போது மூடி கவிழ்ந்து மருந்து அதன் முதுகில் வழியும். வாரம் தவறாமல் நிரப்பிவந்தாள். அவளுக்கு இது புதிதில்லை. சாலையில் அடிபட்டுக் கிடக்கும் வாம்பேட்டுகளைக் கண்டால் வண்டியை நிறுத்தி, வயிற்றுப் பையில் குட்டி இருக்கிறதா என்று கைவிட்டுப் பார்த்துவிட்டு வருகிறவள். ஆனால் எதற்கும் பெயர் வைக்க மாட்டாள். பெயர் வைத்தால் மனசு ஒட்டிக்கொள்ளும் என்பாள். அதனால்தான் ஈவான் வைத்தான், அவளைச் சீண்டுவதற்காக. பிறகு அவனே மத்தியானங்களில் வேலியைப் பார்த்து, "இன்னிக்கு மொட்டைச்சி வந்தாளா?" என்று கேட்கத் தொடங்கினான். ஜூன் மாதத்தில் அது பகலில் வருவது குறைந்தது. பிறகு நின்றே போயிற்று.

"அவ இப்ப அங்க இருக்காளான்னே சந்தேகம்" என்றான் ஈவான். "பாத்து ஒரு மாசமாச்சு."

"பகல்ல வரலைன்னா நல்லாயிட்டு வர்றான்னு அர்த்தம். உனக்கு எத்தனை தடவை சொல்றது?"

"புது மண்ணு வேற எதாச்சும் தள்ளினதா இருக்கலாம்."

"இருக்கலாம். அதைப் பாத்துட்டுத்தான் கரையில கை வைக்கணும்."

கரையை வெட்டித் திரும்பக் கெட்டிப்படுத்த மெர்வ் டிரான்டரிடம்தான் பொக்லைன் இருந்தது. அடுத்த மேட்டில் இருப்பவன். ஈவானோடு பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன். மலைக்கு அந்தப்புறம் சாலை வேலைக்குப் போகப்போவதாகவும், போனால் செப்டம்பர் முடிந்துதான் திரும்புவதாகவும், அதற்கு முன்னால் ஒரு சனிக்கிழமை மட்டும் ஒழிகிறது என்றும் சொன்னான். வந்து கரையைச் சுற்றிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான்.

"ஒரு பெரிய மழை தாங்காதுடா ஈவான். கொட்டகை மிதக்கும். நீயும் உன் பொண்டாட்டியும் கூரை மேல உக்காந்து டீ குடிக்கலாம்."

"சனிக்கிழமை வா" என்றான் ஈவான்.

"வளை காலியா இருந்தா வா" என்றாள் நோரீன்.

ஓடைக்கரையில் வேறு இரண்டு மூன்று வளைகள் இருந்தன. ஒரு வாம்பேட் ஒரே வளையில் குடியிருப்பதில்லை. பிடிக்காவிட்டால் இடம் மாறிக்கொள்ளும். நோரீன் மருந்துத் தட்டியைக் கழற்றினாள். டப்பி என்கிற தங்கள் நாய் படுத்துப் பழசான சாக்கு ஒன்றைக் கொண்டுபோய் வளைக்குப் பக்கத்தில் போட்டாள். நாய்வாடை பொறுக்காமல் அது ஓடைப் பக்கம் போய்விடும் என்பது கணக்கு. பிறகு சுண்டுவிரல் தடிமனில் ஐந்து தைலமரக் குச்சிகளை ஒடித்து, வளைவாயின் குறுக்கே மெல்லச் செருகி நிறுத்தினாள். ஆழமாக நடக்கூடாது. பிராணி உரசினால் விழவேண்டும். காற்றுக்கு விழக்கூடாது. நான்கு ராத்திரி சேர்ந்தாற்போல் குச்சிகள் அசையாமல் நின்றால் வளை காலி. நடுவில் ஒன்று விழுந்தாலும் எண்ணிக்கை முதலிலிருந்து.

அந்த வாரம் பார்த்து அவளுடைய அக்கா ஐவிக்குக் கான்பெராவில் கண்புரை ஆபரேஷன் வந்தது. செவ்வாய்க்கிழமை பஸ் ஏறுவதற்கு முன் ஈவானைக் கையோடு கூட்டிக்கொண்டுபோய்க் குச்சிகளைக் காட்டினாள்.

"தினம் காலைல பாக்கணும். குனிஞ்சு பாக்கணும். மேட்ல நின்னு எட்டிப் பாக்கறது இல்ல."

"சரிங்க டீச்சர்."

"விழுந்திருந்தா எனக்கு ஃபோன் பண்ணு."

"விழுந்திருந்தா மெர்வ் போயிருவான், கரை போயிரும்."

"அது அப்புறம் பாத்துக்கலாம்" என்றாள். பஸ்ஸில் ஏறி ஜன்னல் வழியாக இன்னொரு தடவை, "குனிஞ்சு!" என்று கத்தினாள். டிரைவர் சிரித்தான்.

புதன்கிழமை காலை ஐந்தும் நின்றன. அவள் ஃபோனில் அக்காவின் கண்ணைப் பற்றிக்கூடப் பேசாமல், "குச்சி?" என்றாள். "நிக்குது" என்றான். அன்று முழுவதும் அவனுக்கு மனசு லேசாக இருந்தது. சாயங்காலம் ரேடியோவில் மழை வருகிறது என்றார்கள். கடலோரத்திலிருந்து கிளம்பிய மேகம், ஞாயிற்றுக்கிழமைக்குள் மலையைத் தொடும்.

வியாழக்கிழமை காலை மூன்று குச்சிகள் கீழே கிடந்தன. ஒன்று ஒடிந்திருந்தது.

ஈவான் சுற்றிலும் பார்த்தான். கரையைச் சுற்றிக் கிடாரிகளின் குளம்படி. ராத்திரி தண்ணீர் குடிக்க வந்திருக்கின்றன. அதிலொன்று சாக்கைக்கூட மிதித்து இழுத்துப் போட்டிருந்தது. மாட்டுக்கு மூக்கை நுழைக்காமல் இருக்கத் தெரியாது. விழுந்த குச்சிகள் வளைக்கு வெளிப்பக்கம் பார்த்துக் கிடந்தன. பக்கத்துக் கல்லின் மேல் பகடைக்காய் மாதிரி சதுர சதுரமாக வாம்பேட் சாணம் இருந்தது. அந்தக் கல்லில் எப்போதும் இருப்பதுதான். இன்றையதா பழசா என்று தொட்டுப் பார்க்க அவன் முதுகு இடம் கொடுக்கவில்லை. வடக்கே வானம் ஈயத்தகடு மாதிரி இருந்தது. அவன் இரண்டு குச்சிகளை எடுத்து நிறுத்தினான். ஒடிந்ததற்குப் பதிலாகக் கரையோரத்து மஞ்சள் பூ வாட்டில் மரத்தில் ஒன்றை ஒடித்துச் செருகினான். கிடாரிகள் வராமல் வேலிக்கதவை இழுத்துக் கட்டினான். வீட்டுக்குள் நுழையும்போதே ஃபோன் அடித்தது.

"குச்சி?"

"நிக்குது" என்றான். அந்த நேரத்தில் நின்றுகொண்டுதான் இருந்தன.

"அஞ்சுமா?"

"அஞ்சும்."

வெள்ளிக்கிழமை ஒன்று மட்டும் சாய்ந்திருந்தது. கதவைக் கட்டியிருந்ததால் இந்தத் தடவை கிடாரியைச் சொல்ல வழியில்லை. ராத்திரி காற்று அடித்தது என்று நினைவுபடுத்திக்கொண்டான். ஒரு குச்சி சாய்வதற்கு வாம்பேட்தான் வேண்டுமா? முப்பது கிலோ பிராணி உரசியிருந்தால் எல்லாம் அல்லவா விழுந்திருக்கும்? விரலால் நிமிர்த்தினான். ஃபோனில் அதே கேள்வி, அதே பதில். அன்று சாயங்காலம் மெர்வ் கூப்பிட்டு, மழை ஒரு நாள் முந்துகிறது, காலை ஏழு மணிக்கே ஆரம்பித்துவிடலாம் என்றான். நோரீனின் பஸ் மத்தியானத்துக்குத்தான் வரும். ஈவான் அவளிடம் ஃபோனில் கேட்டான்.

"நாலாவது ராத்திரி இன்னும் முடியல" என்றாள்.

"காலைல நின்னா முடிஞ்சமாதிரிதானே?"

"நின்னா சரி. நீ பாத்துட்டுச் சொன்னா சரி."

சனிக்கிழமை விடிகாலை தூறல் போட்டுக்கொண்டிருந்தது. குச்சிகள் ஐந்தும் நின்றன. ஈவான் இந்தத் தடவை முழங்காலிட்டே பார்த்தான். டார்ச் அடித்தான். வளை உள்ளே வளைந்து போனதால் ஒன்றும் தெரியவில்லை. ஈர மண்ணின் வாசனைதான் வந்தது. குச்சிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, அவளுக்கு மறுபடி உதவும் என்று கட்டாகக் கட்டிப் பிக்கப் வண்டியின் பின்னால் வைத்தான். மெர்வ் பொக்லைனை மேட்டில் ஏற்றினான்.

"உள்ள யாரும் இல்லியே? பின்னாடி உன் பொண்டாட்டி என்னைப் புதைச்சிருவா."

"காலி" என்றான் ஈவான்.

நல்ல வேலைக்காரன் மெர்வ். பத்து மணிக்குள் வளை இருந்த இடத்தை வெட்டித் திறந்து, களிமண் போட்டு, இடித்துக் கெட்டிப்படுத்தி, மட்டமாக்கிவிட்டான். சத்தத்தில் ஒருவர் பேசுவது இன்னொருவருக்குக் கேட்கவில்லை. வேறு எந்தச் சத்தமும் கேட்டிருக்காது.

நோரீன் பஸ்ஸைவிட்டு இறங்கியதும் வீட்டுக்குப் போகவில்லை. நேராகக் குட்டைக்கு விடச் சொன்னாள். கரையைப் பார்த்து, "நல்லா பண்ணிருக்கான்" என்றாள். திருப்தியாகத்தான் இருந்தாள். ஐவி ஒற்றைக்கண்ணில் கட்டோடு நர்ஸை அதிகாரம் பண்ணிய கதையைச் சொன்னாள். மழைக்கோட்டை எடுக்கப் பிக்கப்பின் பின்பக்கம் போனவள் குச்சிக்கட்டோடு திரும்பி வந்தாள். அதிலிருந்து ஒன்றை உருவினாள். அதன் நுனியில் மஞ்சளாக நாலைந்து மொட்டுகள் ஒட்டிக்கொண்டிருந்தன.

"இது நான் வச்சது இல்லியே."

"ஒண்ணு ஒடிஞ்சு போச்சு. அதுக்குப் பதிலா வச்சேன்."

"எப்படி ஒடிஞ்சுது?"

"கிடாரிங்க."

"கிடாரி தள்ளுச்சா? நீ பாத்தியா?"

"குளம்படி இருந்துச்சு நோரீன். சுத்தியும் இருந்துச்சு."

அவள் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் அவனுக்குச் சுலபமாக இருந்திருக்கும். "எந்தப் பக்கமா விழுந்திருந்துச்சு?"

மாடு வெளியிலிருந்து மூக்கை நீட்டும். குச்சி உள்ளேதான் விழும். ஐம்பது வருஷம் மாடு மேய்த்தவனுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வியாழக்கிழமை காலையிலேயே அவனுக்குத் தெரிந்திருக்கவேண்டும். தெரியும்படியாக அந்தக் குச்சிகள் அவன் கண்ணுக்கு நேரே கிடந்தன.

"வெளிய பாத்து" என்றான்.

நோரீன் வண்டியிலிருந்து மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கரையில் ஏறினாள். அவன் இன்னொன்றை எடுத்துக்கொண்டு பின்னால் போனான். கெட்டிப்படுத்திய களிமண் கல் மாதிரி இருந்தது. மெர்வுக்கு ஃபோன் பண்ணியதும், சாலை வேலைக்குக் கிளம்பியிருந்தவன் பொக்லைனைப் பாதி வழியிலேயே திருப்பிக்கொண்டு வந்துவிட்டான். இறங்கி வந்து ஈவானின் முகத்தைப் பார்த்தவன் திரும்பிப் போய் மிஷினில் ஏறினான். காலையில் கட்டியதைக் கரண்டி கரண்டியாக அவனே பிரித்தான். வளையின் உள்மடிப்புக்குக் கிட்டே வந்ததும் மிஷினை நிறுத்திவிட்டு, மூன்று பேரும் கையால் தோண்டினார்கள். மழை வலுத்தது. டப்பி மேட்டில் நின்று முனகிக்கொண்டிருந்தது.

அது வெளியே வரப் பார்த்திருக்கிறது. முன்னங்கால் நகங்களில் புதுக் களிமண் அப்பியிருந்தது.

நோரீன் அதைப் புல்லில் கிடத்தி, தன் கழுத்துத் துணியால் முகத்தைத் துடைத்தாள். கண்ணிமைகளில் பொருக்கு இல்லை. முதுகை வழித்துவிட்டபோது, வெடித்துக் கிடந்த இடமெல்லாம் முடி வந்திருப்பது தெரிந்தது. பழுப்பு நிறம், குட்டையாக, அடர்த்தியாக, புது பிரஷ் மாதிரி. காதின் பின்பக்கம் மட்டும் கொஞ்சம் பாக்கி. ஈவான் கையை நீட்டித் தொட்டுப் பார்த்தான். மொட்டைச்சி என்று அதை இனி யாரும் கூப்பிட்டிருக்க முடியாது. ஜூன் மாதத்திலிருந்து அது ஒவ்வொரு ராத்திரியும் ஒழுங்காக வெளியே வந்து, ஒழுங்காக மேய்ந்து, விடிவதற்குள் வளைக்குத் திரும்பியிருக்கிறது. செவ்வாய்க்கிழமை ராத்திரியும் நேற்று ராத்திரியும் மட்டும் மழைக்குப் பயந்தோ, பக்கத்தில் கிடந்த நாய்ச்சாக்குக்குப் பயந்தோ உள்ளேயே இருந்துவிட்டது.

நோரீன் சாலையில் செய்வதுபோலவே, பின்பக்கம் பார்த்துத் திறக்கும் அந்த வயிற்றுப்பைக்குள் விரல்களை விட்டுப் பார்த்தாள்.

"இல்ல" என்றாள்.

மெர்வ் தொப்பியைக் கழற்றிப் பிழிந்தான். "என் கரண்டிதான் நோரீன். நானும் ஒரு தடவை இறங்கிப் பாத்திருக்கணும்."

"நீ கேட்டியாம்ல. உனக்குக் காலின்னு சொன்னாங்க" என்றாள். ஈவான் பக்கம் திரும்பவில்லை.

மேட்டில் வாட்டில் மரத்தடியில் குழி வெட்டினார்கள். மெர்வ் இருட்டுகிறவரை இருந்து கரையை மறுபடி கட்டிவிட்டுப் போனான். அன்று ராத்திரியிலிருந்து மழை மூன்று நாள் நிற்காமல் கொட்டியது. கரை தாங்கியது. குட்டை நிரம்பித் தளும்பியது. வெளிப்பக்கம் ஒரு சொட்டு ஈரம் இல்லை. ஈவான் தினமும் போய்ப் பார்த்தான். கசிந்திருந்தால்கூட ஒரு விதத்தில் ஆறுதலாக இருந்திருக்கும் என்று தோன்றியது. கரை அவ்வளவு மோசமாகத்தான் இருந்தது, அவசரப்பட்டதில் தப்பில்லை என்று சொல்லிக்கொள்ள ஒரு காரணமாவது மிஞ்சியிருக்கும். ஆனால் அவள் சொன்னபடி மறுபடி முதலிலிருந்து எண்ணியிருந்தாலும், கசிகிற இடத்தில் இரண்டு லோடு களிமண்ணைக் கையால் தட்டிப் போட்டிருந்தால் கரை அந்த மழையைத் தாங்கியிருக்கும். அதுவும் அவனுக்குத் தெரிந்தது.

வீட்டில் பேச்சு நிற்கவில்லை. சாப்பிடக் கூப்பிட்டாள். மாட்டு டாக்டர் வருகிற நாளைச் சொன்னாள். சண்டை மட்டும் போடுவதில்லை. அவன் டோஸ்ட்டைக் கருக்கினால் முன்பு ஒரு வண்டி ஏச்சு வரும். இப்போது கருகிய பக்கத்தைச் சுரண்டிவிட்டுச் சாப்பிட்டுவிடுகிறாள்.

அக்டோபர் வந்தது. ஐவிக்கு அடுத்த கண். அதே வாரத்தில் ஓடைக்கரையில் இன்னொரு வாம்பேட் பகலில் தென்பட்டது. தோளில் சொறி தொடங்கியிருந்த ஆண். எந்த வளையில் இருக்கிறது என்று தெரிந்தால்தான் மருந்துத் தட்டி தொங்கவிட முடியும். நோரீன் ஒரு வளையில் குச்சி நட்டாள். ஊருக்குப் போவதற்கு முந்தின நாள், சாலை வேலை முடிந்து வந்திருந்த மெர்வ் டீ குடிக்க வந்தான்.

"தினம் அந்த வழியாத்தானே போற" என்றாள் நோரீன். "ஒரு எட்டு இறங்கி ஓடைக்கரைக் குச்சியைப் பாத்துட்டு எனக்குச் சொல்றியா?"

மெர்வ் கோப்பையைக் கீழே வைத்தான். "வீட்ல இவன் இருக்கானே?"

"இவனுக்குக் குனிஞ்சா முதுகு வலிக்கும்."

சிங்க்கில் கோப்பை கழுவிக்கொண்டிருந்த ஈவான் கழுவிய கோப்பையையே மறுபடி கழுவினான்.

மெர்வ் இரண்டு நாள் இறங்கிப் பார்த்துச் சொன்னான். மூன்றாம் நாள் காலை அவன் வண்டி கிளம்பவில்லை. ஈவானுக்கு ஃபோன் பண்ணினான். "பேட்டரி செத்துப்போச்சுடா. நீயே போய்ப் பாத்துரு."

"என்னை அவ கேக்கலியே."

"டேய், குச்சியப் பாக்கறதுக்குக் கடுதாசி போட்டா கூப்பிடுவாங்க? போடா."

ஈவான் நடந்தே போனான். ஓடைக்கரையில் வெயில் இன்னும் இறங்கவில்லை. தைலமரத்தில் கொண்டைக்கிளிகள் கூச்சல் போட்டன. வளைக்கு முன்னால் முழங்காலிட்டான். முதுகு வலித்தது. ஐந்தும் கிடந்தன. கல்லின் மேல் சாணத்தை மட்டும் விரலால் தொட்டான். ஈரமாக இருந்தது. பிறகு இரண்டு கைகளையும் கோட்டுப் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டு, எழுந்து வீட்டுக்கு வந்து கான்பெராவுக்கு ஃபோன் போட்டான்.

"நான்தான்" என்றான். "மெர்வ் வண்டி கிளம்பல."

"ம்."

"குச்சி விழுந்திருக்கு."

எதிர்முனையில் ஐவி யாரையோ அதிகாரம் பண்ணும் சத்தம் கேட்டது. நோரீன் கதவைச் சாத்தினாள் போலிருக்கிறது, சத்தம் அடங்கியது.

"எத்தனை?"

"எல்லாம்."

"எந்தப் பக்கம்?"

"மூணு வெளிய பாத்து. ரெண்டு உள்ள பாத்து. போயிட்டுத் திரும்ப வந்திருக்கான். சாணம் ஈரமா இருக்கு."

"நீ எதையாச்சும் எடுத்து நிறுத்தினியா?"

"இல்ல. கிடந்தது கிடந்தபடியே கிடக்கு. நீ வந்து பாத்துக்கோ."

அவள் ஃபோனை வைக்கவில்லை.

"குனிஞ்சு பாத்தியா?" என்றாள் கடைசியில்.

"முட்டி ரெண்டும் சேறு."

"பேன்ட்டை ஊறப்போடு" என்றாள் நோரீன். "இல்லைன்னா கறை போகாது."